பெரிய வீட்டில் ஒரு ராத்திரி

ஹாலிஎலையிலிருந்து மேலே ஏறும் தேயிலைத் தோட்டத்து ரோட்டில் ஒரு கல் கோயில் இருக்கிறது, கிறிஸ்தவக் கோயில். வெள்ளைக்காரத் துரைமார் தங்களுக்கென்று கட்டிக்கொண்டது. இப்போது வெளிநாட்டுக்காரர்கள் வேனில் வந்து இறங்கி வாயைப் பிளந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். நானும் பார்க்கிறேன். அழகாகத்தான் இருக்கிறது. இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும். ஆனால் பதுளையிலிருந்து பஸ்ஸில் வந்து அந்த முடக்கில் திரும்பும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. அதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது.

லயத்துக் காம்பராவைப் பார்க்காதவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தகரக் கூரைக்குக் கீழே வரிசையாக அறைகள். ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. அதைத்தான் காம்பரா என்போம். முன்னால் ஓர் ஆள் கால் மடக்கி உட்காரும் அகலத்தில் ஓர் இஸ்தோப்பு, அதற்கு ஓர் அரைச்சுவர். உயிரோடு இருப்பவர்கள் எப்படியோ சமாளித்துவிடலாம். ஒருவர் மடியில் ஒருவர் என்று படுத்துத்தான் நாங்களும் வளர்ந்தோம். செத்தவர்களால் அது முடியாது. அவர்கள் நேராகத்தான் படுப்பார்கள். பெட்டியை உள்ளே வைத்தால் அழ வந்தவர்கள் வெளியே நிற்க வேண்டும், வெளியே ஊவா மலையின் மழை நிற்காமல் கொட்டும்.

அதனால்தான் எங்கள் தோட்டத்தில் கோயில் ராத்திரி என்று ஒரு வழக்கம் வந்தது. யார் செத்தாலும், வேதக்காரரானாலும் சைவக்காரரானாலும், அடக்கத்துக்கு முந்திய ராத்திரி பெட்டி கல் கோயிலுக்குள் இருக்கும். ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில் இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்து அதன்மேல் வைப்பார்கள். மற்றப் பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டுச் சுற்றி உட்காருவோம். தப்பு மேளம் அடிப்பவர்கள் கோயில் கேட்டோடு நிறுத்திவிட்டு விடிந்ததும் அதே இடத்திலிருந்து தொடங்குவார்கள். வேதக்காரர் பாட்டுப் படிப்பார்கள், சைவக்காரர் ஒப்பாரி வைப்பார்கள், நடுவில் வாளியில் தேத்தண்ணி வரும். பிள்ளைகள் பெஞ்சில் வரிசையாகத் தூங்கும். இந்த வழக்கத்தை யார் தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. மாதத்துக்கு ஒரு தடவை பதுளையிலிருந்து ஆராதனைக்கு வரும் பாதர்மாருக்குத் தெரியும், ஆனால் தெரியாத மாதிரி இருந்துவிடுவார்கள். கட்டின துரைமார் பார்த்திருந்தால் நெஞ்சு வெடித்துச் செத்திருப்பார்கள், அவர்களுக்கும் ஒரு பெஞ்சு போட்டிருப்போம்.

என் அப்பா அந்தக் கோயிலைக் கூட்டி மணியடித்தவர். அவர் செத்தபோது பெட்டி அங்கேதான் இருந்தது. தோட்டமே வந்து உட்கார்ந்திருந்தது. அம்மா அழவில்லை. அண்ணாந்து கூரையைப் பார்த்தாள், பக்கவாட்டுச் சுவர்களைப் பார்த்தாள், பிறகு பெட்டியைப் பார்த்தாள்.

“இந்த மனுசன் உசுரோட இருக்கையில ஒருநாளு கால நீட்டிப் படுத்ததில்ல. இப்பப் பாரு, எம்புட்டு எடம்” என்றாள். அப்புறம் எங்கள் இருவரையும், அதாவது என்னையும் அண்ணனையும், பக்கத்தில் கூப்பிட்டாள். “காம்பராவுல பொறந்து, காம்பராவுல பெத்து, காம்பராவுலயே கெழவியாயிட்டேன். செத்தாச்சும் ஒரு ராத்திரி பெரிய வீட்டுல கெடக்கணும். சுத்தி ஆளு இருக்கணும். எனக்கும் இதே எடந்தான், இப்பவே சொல்லிப்புட்டேன்.”

அம்மா எங்களிடம் வேறெதையும் கேட்டதில்லை. கேட்டால் கிடைக்கும் என்ற நம்பிக்கை அவளுக்கு எதிலும் இருந்ததில்லை. கொழுந்து பறித்தே விரல் கறுத்துப்போனவள். வாயும் அப்படித்தான். நான் படித்துப் பதுளையில் டீச்சரானபோது அவள் சொன்ன வாழ்த்து, “இனிமே ஊரான் புள்ளைங்கள அடிப்ப” என்பதுதான்.

கோயில் கூரை ஒழுகத் தொடங்கிப் பல வருடமாகியிருந்தது. ஒரு பக்கத்துக் கூரைச் சட்டம் உளுத்து ஓடு சரிந்துவிட்டது. ஆபத்தான கட்டடம் என்று சொல்லிப் பூட்டப்போகிறார்கள் என்று பேச்சு வந்தது. எங்கள் பாதர் நல்லவர், ஓடியாடி கொழும்பில் ஒரு கமிட்டியைப் பிடித்தார். பழைய கோயில்களைப் பழையபடியே காப்பாற்றுகிற கமிட்டியாம். அவர்கள் பார்வையிட வருகிறார்கள், பிடித்துப்போனால் முழுக்கத் திருத்தித் தருவார்கள், ஆகவே கோயிலைக் கொஞ்சம் சுத்தமாக வையுங்கள் என்று பாதர் ஆராதனையில் அறிவித்தார்.

அங்கேதான் மனிதர் தப்புச் செய்தார். எங்கள் ஆட்களிடம் விருந்தாளி வருகிறார் என்று மட்டும் சொல்லக் கூடாது. தீபாவளிக்கு, பொங்கலுக்கு, பெண் பார்க்க ஆள் வந்தால், பெரிய துரை லயத்துப் பக்கம் வந்தால், பெயின்ட் அடிப்போம். சோறு இல்லாவிட்டாலும் சுவருக்கு நிறம் இருக்கும். கொழும்பிலிருந்து பெரிய ஆட்கள் வரும்போது கோயிலை அழுக்குக் கல்லாகவா காட்டுவது? மாரியம்மன் கோயில் திருவிழாவில் மிஞ்சிய மஞ்சள் இருந்தது. பள்ளிக்கூடத்துக் கதவுக்கு அடித்த நீலம் இருந்தது. அண்ணன் தோட்டத்து ஃபெக்டரியில் வேலை செய்கிறவன், மெஷின் குழாய்க்குப் பூசும் வெள்ளிப் பெயின்டில் ஒரு டின் கொண்டுவந்தான். கோயிலின் முன்பக்கக் கல் முழுக்க மஞ்சளாயிற்று. தூண்களில் நீலக் கோடு. ஞானஸ்நானத் தொட்டி வெள்ளிப் பாத்திரமாயிற்று. தரைக்கல்லுக்கு அம்மாவும் மற்றப் பொம்பிளைகளும் சிவப்புப் பொலிஷ் போட்டு, தேங்காய் மட்டையால் முகம் தெரியும்வரை தேய்த்தார்கள். எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் சனிக்கிழமை பஸ்ஸிலிருந்து இறங்கியபோது முடக்கில் ஏதோ கல்யாண மண்டபம் முளைத்திருக்கிறது என்றுதான் நினைத்தேன்.

கமிட்டியின் தலைவி வந்து இறங்கினார். கைத்தறிச் சேலை, கழுத்தில் ஒரு கண்ணாடி, நல்ல தமிழ். கொழும்புத் தமிழர்தான். அவர் கோயிலைப் பார்த்தார். பிறகு அப்படியே படியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். சுற்றி நின்ற எங்கள் ஆட்களுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. அம்மா ஒரு கோப்பைத் தேத்தண்ணியோடு அவரிடம் போனாள்.

“அழுவாதீங்கம்மா. நீங்க வருவீங்கன்னு தெரிஞ்சிருந்தா போன வருசமே அடிச்சிருப்போம்.”

அவர் கோப்பையை வாங்கிக் கீழே வைத்தார். எழுந்து, நாங்கள் பின்தொடர உள்ளே போய், பாதரைப் பார்த்துத் தணிந்த குரலில், “குரங்கு கையில் பூமாலையைக் கொடுத்திருக்கிறீர்கள், பாதர்” என்றார். தணிந்த குரல்தான், ஆனால் அந்தக் கோயிலுக்குள் யார் என்ன முணுமுணுத்தாலும் கடைசிப் பெஞ்சுவரை கேட்கும். வெள்ளைக்காரன் கட்டிய விதம் அப்படி.

லயத்துக்குத் திரும்பும் வழியில் அம்மா என்னிடம், “நம்மளயா சொன்னா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அம்மாவிடம் பொய் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. அவளும் எனக்கு அதைச் சொல்லித் தரவில்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டும், அந்த அம்மையார் விட்டுவிட்டுப் போகவில்லை. வேறு யாராவது என்றால் வேனைத் திருப்பியிருப்பார்கள். அவர் எங்கெங்கோ பேசி, யார் யார் காலிலோ விழுந்து, எங்கள் கோயிலைக் காப்பாற்றினார். அவர் இல்லாவிட்டால் இன்றைக்கு அங்கே கூரை இருந்திருக்காது. கல்லை அவ்வளவு நேசித்தார். கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்பார்கள், அவருக்குக் கல் தெரிந்த நேரத்தில் நாங்கள் தெரியவில்லை, அவ்வளவுதான்.

முதல் வேலை பெயின்டை எடுப்பது. இயந்திரம் வைத்துச் சுரண்டினால் கல் கெட்டுவிடுமாம், கையால்தான் எடுக்க வேண்டுமாம். அதற்கு யாரைக் கூப்பிட்டார்கள் தெரியுமா? அடித்தவர்களையே. கொழுந்துக்குப் போகாத நாட்களில் எங்கள் பொம்பிளைகள் வரிசையாக நின்று, நாற்றமடிக்கும் ஒரு மருந்தைப் பூசி, மரச் சில்லால் தாங்கள் பூசிய மஞ்சளைத் தாங்களே சுரண்டினார்கள். பின்னால் ஒரு மேற்பார்வைக்காரன் நின்று, கல்லில் கீறல் விழுந்தால் கத்தினான். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கேட்காத ஏச்செல்லாம் கோயிலில் கேட்டோம் என்று அம்மா சொல்வாள். மஞ்சள் போயிற்று. வெள்ளி போயிற்று. தரையிலிருந்த சிவப்பு மட்டும் முழுக்கப் போகவில்லை. தொட்டிக்குப் பக்கத்தில் கல்லுக்குள் இறங்கிவிட்டது. அந்த அம்மையார் முழங்காலிட்டு அதைத் தடவிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

வேலை நடந்த காலமெல்லாம் கோயில் மூடியிருந்தது. மழை எச்சரிக்கை வந்த நாட்களில் எங்கள் சனம் முன்பெல்லாம் பாயைச் சுருட்டிக்கொண்டு அங்கேதான் ஓடும், மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிய பிறகு யாரும் மலையை நம்புவதில்லை. அப்போது பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்கள். செத்தவர்களை எங்கே கொண்டு ஓடுவது? எங்கள் பக்கத்துக் காம்பராக் கிழவர் அப்போதுதான் செத்தார். பெட்டியை உள்ளே கொண்டுபோகும்போது அது வெறும் பெட்டி, சாய்த்துத் தூக்கிக் கொண்டுபோய்விட்டார்கள். வெளியே எடுக்கும்போது வாசலில் திரும்பவில்லை. அரைச்சுவர் இடித்தது. வேறு வழியில்லாமல் பெட்டியை நிமிர்த்தி நிறுத்தித் திருப்பினார்கள். அப்போது உள்ளே கிழவர் காலடிப் பக்கமாகச் சரிந்து மோதிய சத்தம் எல்லோருக்கும் கேட்டது. மகள்காரி மயங்கி விழுந்தாள். ஒருவன் சிரித்தும்விட்டான், பாவம், பயத்தில் வந்த சிரிப்பு.

அம்மா அன்று சாப்பிடவில்லை. “என்னய நிக்க வெச்சுத் தூக்கிப்புடாதீங்க” என்று அண்ணனிடம் சொன்னாளாம். அண்ணன், கோயில் அதுக்குள்ள திறந்துடும், நீ கொஞ்சம் பொறுத்துக்கோ என்றானாம். எங்கள் வீட்டில் ஆறுதல் சொல்லும் விதம் அதுதான்.

கோயில் திறந்தது. பெரிய பாதர்மார் வந்தார்கள், பேண்ட் வாத்தியம் வந்தது. கழுவித் துடைத்த கல் வெயிலில் மின்னியது. அம்மையார் பேசினார். இது பழம்பொருள் வைக்கும் நூதனசாலை அல்ல, உயிருள்ள கோயில், இதன் கதவு உள்ளூர்ச் சமூகத்துக்கு எப்போதும் திறந்திருக்கும் என்றார். எங்கள் ஆட்கள் கைதட்டினார்கள். பிறகு வாசலில் இருந்த பலகையை அம்மா என்னை வாசிக்கச் சொன்னாள். சாப்பாடு கூடாது, ஆணி அடிக்கக் கூடாது, பெஞ்சுகளை அசைக்கக் கூடாது, மாலை ஐந்துக்குப் பிறகு யாரும் தங்கக் கூடாது. பிரேதங்களைக் கொண்டுவருவதானால் முன்கூட்டியே கமிட்டியின் அனுமதி பெற வேண்டும், அதுவும் பகலில் ஆராதனை நேரத்துக்கு மட்டும்.

“சாகுறதுக்கு முன்னாடியே கேட்டு வச்சிக்கணுமா?” என்றாள் அம்மா.

நான் நேரே அம்மையாரிடம் போனேன். கோயில் ராத்திரியைப் பற்றிச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கண்கூடக் கலங்கியது, கண் கலங்குவது அவருக்குச் சுலபமாக வரும். மெழுகுதிரிக் கரி, வாளி, ஈரம், இரவு முழுக்க இத்தனை பேர், கல்லும் மரமும் தாங்காது என்றார். இன்ஷூரன்ஸ் ஒத்துக்கொள்ளாது என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, “டீச்சர், நீங்கள் படித்தவர். செத்தவரை வைக்க இடமில்லாத வீட்டை ஒரு கோயில் எப்படிச் சரிசெய்ய முடியும்? லயத்துக்கு ஒரு மண்டபம் கட்டித்தரச் சொல்லித் தோட்டத்தைக் கேளுங்கள். அது உங்கள் உரிமை” என்றார்.

சரியான பேச்சு. ஒரு சொல்லில் பிழை கிடையாது. கெட்டவர்களிடம் சண்டை பிடிக்க எனக்குத் தெரியும், சரியாகப் பேசுகிறவர்களிடம்தான் வாயடைத்து நிற்கிறேன். தோட்டத்தை நாங்கள் கேட்காமலா இருந்தோம்? கேட்டுக் கேட்டுச் செத்தவர்களைத்தானே அந்தக் கோயிலில் வைத்திருந்தோம். இதை அவரிடம் சொல்ல வேண்டுமென்று பஸ்ஸில் ஏறிய பிறகுதான் தோன்றியது.

அம்மா ஒரு வழி கண்டுபிடித்தாள். அவளுக்குக் கால் வீங்கத் தொடங்கியிருந்தது. இதயம் பலவீனமாகிவிட்டது, எந்த நேரமும் நின்றுவிடலாம் என்று பதுளை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நான் அதை அவளிடம் மறைக்கவில்லை, அவளிடம் பொய் சொல்லும் பழக்கம் இல்லையென்று முன்னமே சொன்னேனே. அடுத்த நாளிலிருந்து அவள் நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, கம்பை ஊன்றிக் கோயிலுக்குப் போகத் தொடங்கினாள். கதவு திறந்ததும் போவாள். தொட்டிப் பக்கத்துப் பெஞ்சில் உட்காருவாள். ஐந்து மணிக்கு வெளியே அனுப்பும்வரை அசைய மாட்டாள். தோட்டத்தில் இருப்பவர்கள், கிழவிக்குக் கடைசிக் காலத்தில் பக்தி வந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். நான் அம்மாவிடமே கேட்டேன்.

“பக்தியாவது மண்ணாவது. செத்தவளத்தான உள்ள விட மாட்டாங்க? உள்ளயே செத்துட்டா என்ன பண்ணுவாங்க? தூக்கியா எறிவாங்க?”

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது. உனக்குப் பைத்தியமா, அங்கே குளிரில் விறைத்துச் சாவாய் என்றேன். அதுக்குத்தானே போறேன் என்றாள்.

சாவு வரவில்லை. மாதக்கணக்கில் வரவில்லை. கோயிலுக்குக் காவலுக்கு இருந்தவர் ஹாலிஎலைப் பக்கத்துச் சிங்களவர், பழைய பட்டாளத்துக்காரர், தலை நரைத்தவர். பலகையில் என்ன எழுதியிருந்தாலும் தன் பிளாஸ்க்கிலிருந்து அம்மாவுக்கு ஒரு வாய் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பார். மணி ஐந்தானால் கையைப் பிடித்து எழுப்பி, வாசல்வரை கொண்டுவந்து விட்டு, “ஹெட்ட எண்ட அம்மே” என்பார். நாளைக்கு வாருங்கள் அம்மா என்று அர்த்தம். அன்பாகத்தான் சொன்னார். அம்மா அதைச் சாபமாகத்தான் கேட்டாள். நாளைக்கும் உயிரோடு இருப்பாயாக என்று ஒருவன் தினமும் சொன்னால் அவள் என்ன செய்வாள்? லயத்துப் பிள்ளைகள் வேறு, என்ன ஆத்தா, இன்னைக்கும் திரும்பி வந்துட்ட என்று கேலி செய்யும். “சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டேங்குறான்” என்று சொல்லிக்கொண்டே ஏறி வருவாள்.

இதற்கிடையில் கமிட்டி ஒரு படக்காரரை அனுப்பியது. உள்ளூர்ச் சமூகம் கோயிலைப் பாவிக்கிறது என்று உதவி செய்தவர்களுக்குக் காட்ட வேண்டுமாம். அவர் வந்த நேரத்தில் உள்ளே இருந்த உள்ளூர்ச் சமூகம் என் அம்மா ஒருத்திதான். அவளைப் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார். அச்சடித்த புத்தகம் வந்தபோது பாதர் எனக்கு ஒன்று தந்தார். அட்டையிலேயே அம்மா. உயரமான ஜன்னலிலிருந்து வெளிச்சம் இறங்குகிறது, பெரிய சுவர், வரிசையாகக் காலிப் பெஞ்சுகள், ஓரத்தில் அம்மா கைகளைக் கோத்து, தலையைக் குனிந்து செபிக்கிறாள். செபிக்கவில்லை. குளிருக்குக் கையைக் கோத்துக்கொண்டு தூங்கிவிட்டாள். கீழே, என்றும் திறந்த கதவு என்று போட்டிருந்தது.

அம்மாவிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள். “இவ யாரு, செத்தவ மாதிரி இருக்கா?” என்றாள். நீதான் என்றேன். மறுபடி பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்கு. சுத்தி ஆளுதான் இல்ல.”

அவள் செத்தது ஒரு திங்கட்கிழமை. திங்கட்கிழமை கோயில் பூட்டு. காம்பராவில், அடுப்புப் பக்கத்தில், விடிவதற்கு முன் போய்விட்டாள். மாதக்கணக்கில் தவம் கிடந்தவளுக்கு விடுமுறை நாளில்தான் வரம் கிடைத்தது. மழை கொட்டிக்கொண்டிருந்தது.

நானும் அண்ணனும் பதுளையில் பாதரைப் பார்த்தோம். அவர் எங்கள் முன்னாலேயே அம்மையாருக்கு ஃபோன் எடுத்து என்னிடம் தந்தார். அம்மையார் உண்மையாகவே அழுதார். உங்கள் அம்மா எங்கள் கோயிலின் முகம் என்றார். ஆனால் ராத்திரி முடியாது, ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள் என்றார். எல்லோரும்தான் ஒருநாள் சாவார்கள், மெடம் என்றேன். அவர் டயரியைப் புரட்டும் சத்தம் கேட்டது. மறுநாள் செவ்வாய், பிற்பகலில் ஒரு கல்யாணச் சோடியின் படப்பிடிப்புக்குக் கோயிலை ஏற்கனவே கொடுத்துவிட்டார்களாம். காலையிலிருந்தே உள்ளே அலங்காரம் நடக்குமாம், சோடி வருவதற்குமுன் முகப்பில், உள்ளே அல்ல, முகப்பில் வைத்து ஆராதனை நடத்தலாம் என்றார்.

அண்ணன் நேரே தோட்டத்துக்கு வந்து ஆட்களைத் திரட்டினான். பூட்டை உடைப்பதென்று முடிவு. இளந்தாரிகள் நெம்புவதற்கு இரும்பு அலவாங்கு எடுத்துக்கொண்டார்கள். நானும் தடுக்கவில்லை, உடைத்தால் நல்லது என்றுதான் பின்னாலேயே போனேன். காவல்காரர் குடையில்லாமல் கேட்டடியில் நின்றார். சண்டை பிடிக்கவில்லை. சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து மதிலின்மேல் வைத்தார். உடைக்க வேண்டாம், இதோ சாவி, அம்மாவைக் கொண்டுவாருங்கள், நாளைக்கு எனக்கு வேலை போகும், பரவாயில்லை, வீட்டில் சொல்லிவிட்டேன் என்று சிங்களத்தில் சொன்னார்.

அண்ணன் சாவியைப் பார்த்துக்கொண்டே நின்றான். மழையில் எல்லோரும் நின்றார்கள். அந்த மனிதர் எங்களை ஏசியிருந்தால், அடிக்க வந்திருந்தால், எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும். அண்ணன் சாவியை எடுத்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டுத் திரும்பி நடந்தான். “அந்தாளு சோத்துல மண்ணப் போட்டா அம்மாவப் படுக்க வைக்கச் சொல்றீங்க?” என்றான். இளந்தாரிகள் அலவாங்கைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் பின்னால் நடந்தார்கள். அந்த நல்லவரை இன்றுவரை என்னால் முழுதாக மன்னிக்க முடியவில்லை.

ஆகவே அம்மா காம்பராவிலேயே கிடந்தாள். உள்ளே நானும் அண்ணியும் இன்னும் மூன்று பேரும். மற்றவர்கள், கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் நின்று அழுதார்கள். நின்று அழுதால் அதிக நேரம் அழ முடியாது. ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள்.

மறுநாள் பெட்டி வாசலில் திரும்பவில்லை. எனக்கு முதலிலேயே தெரியும். சத்தம் கேட்கக் கூடாதென்று அம்மாவின் காலடியில் தலையணையையும் இரண்டு பழைய சேலைகளையும் சொருகி வைத்திருந்தேன். அண்ணன் தலைப்பக்கம் பிடித்தான். அவள் முகம் எங்கள் முகத்துக்கு நேராக வருமளவுக்கு நிமிர்த்தினார்கள். மூடியிருந்த பெட்டிதான், ஆனால் எங்களுக்கு முகம் தெரிந்தது. தலையணை வைத்தும் சத்தம் கேட்டது.

முகப்பில் பாதர் வேகமாக வாசித்தார். கல்யாண வேன் வந்து ஓரமாக நின்றுவிட்டது. மணப்பெண் இறங்கி, வெள்ளைச் சேலையைச் சேற்றில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தலை குனிந்து நின்றாள். நல்ல வீட்டுப் பிள்ளை. கோயில் கதவு அவர்களுக்காகத் திறந்திருந்தது. பெட்டிக்கு அருகிலிருந்து பார்த்தால் உள்ளே தொட்டியும் அந்தச் சிவப்புத் தரையும் தெரிந்தன.

அம்மா இறந்து ஒரு மாதத்தில் கமிட்டியின் வேன் லயத்து வாசலுக்கு வந்தது. அனுதாபமாக ஒரு பரிசு. அட்டையிலிருந்த அந்தப் படத்தைக் கதவளவு பெரிதாக்கி, தேக்குச் சட்டம் போட்டு, கண்ணாடி பதித்து அனுப்பியிருந்தார்கள். ட்ரைவரும் அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இஸ்தோப்புக்குக் கொண்டுவந்தார்கள். வாசலில் திரும்பவில்லை. அரைச்சுவர் இடித்தது. ட்ரைவர், நிமிர்த்திப் பிடிங்க, போயிரும் என்றான்.

அண்ணன் கையை எடுத்துவிட்டான். “நிமிர்த்தாத” என்றான். அவன் குரலை நான் அதற்கு முன் அப்படிக் கேட்டதில்லை. “திருப்பிக் கொண்டு போங்க. எடம் அங்கதான் இருக்கு.”

ட்ரைவருக்கு விளங்கவில்லை. ஆனாலும் கொண்டுபோனான். அம்மையார் மனம் புண்படவில்லை, மாறாகப் பெரிதும் மகிழ்ந்தார் என்று பாதர் சொன்னார். குடும்பத்தார் கோயிலுக்கே காணிக்கையாகக் கொடுத்துவிட்டார்கள் என்று எழுதி மாட்டியிருக்கிறார்கள். தொட்டிக்குப் பக்கத்தில்தான். அந்தச் சிவப்புக் கறைக்கு நேர் மேலே. கறையிலிருந்து பார்வையைத் திருப்ப அது உதவுமாம்.

போன ஞாயிறு போய்ப் பார்த்தேன். ஐந்து மணிக்குக் காவல்காரர் ஜன்னல்களைச் சாத்தினார், விளக்கை அணைத்தார், என்னைப் பார்த்துத் தலையாட்டினார், ஹெட்ட எண்ட என்று சொல்லவில்லை. பிறகு கதவைப் பூட்டினார். ஒரே ஒரு ராத்திரி கேட்டாள். இப்போது எல்லா ராத்திரியும் பெரிய வீட்டில்தான் இருக்கிறாள். சுற்றி ஆள்தான் இல்லை.